எதைத் தின்றால் பாவம்?

வன்னிக் கிராமமொன்றில் தவக்கால நாளொன்றில் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய தாயொருவர் என்னைத் தனியே அழைத்தார். "பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள். ஒண்டு கேக்கட்டே?" என்றார். சிறுகடன் பற்றியோ வீட்டுத்திட்டம் பற்றியோ கேட்கப் போகிறார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

2009 ஆம் ஆண்டின் தவக்காலம். அவர் மூன்று பிள்ளைகளோடு பங்கருக்குள் இருந்தார். பிள்ளைகளுக்குப் பல நாட்களாகக் கஞ்சித் தண்ணீர்தான் சாப்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்தில் நின்ற மாடொன்று ஷெல் பட்டு விழுந்து செத்தது. அயலவர்கள் அதை வெட்டிப் பங்கிட்டனர். இவரும் ஒரு துண்டு வாங்கி, உப்பு மட்டும் போட்டு அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தானும் சாப்பிட்டார். பக்கத்துப் பங்கரில் ஒரு சைவக் குடும்பம். அந்தத் தாய் தான் வாயில் வைக்கவில்லை. ஆனால் தனது மகளின் கோப்பையை நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை, அதுவும் தவக்காலம், அதுவும் செத்த மாடு. பிறகு எத்தினை தரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிட்டன். இதை மட்டும் சொல்ல வாய் வரேல்லை. நான் செய்தது பாவமே பிள்ளை?"

நான் குருவானவரோ மறையியல் படித்தவளோ அல்ல. சமூகவியல் படித்தவள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடி வாசித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். இதே கேள்வியை மனதுக்குள் வைத்திருக்கும் சகோதரிகள் இன்னும் பலர் இருக்கக்கூடும் என்பதால் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

விவிலியம் என்ன சொல்கின்றது?

விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலில், படைப்பின்போது மனிதருக்கு உணவாகக் கொடுக்கப்படுபவை தானியமும் கனிகளுமே. நோவா காலத்து வெள்ளத்தின் பின்னர்தான் உயிரினங்களை உண்ண அனுமதி கிடைக்கின்றது. அதுவும் இரத்தத்தோடு உண்ணக்கூடாது என்ற நிபந்தனையுடன். உயிர் கடவுளுக்குரியது என்பதே அதன் பொருள்.

அதன் பின் லேவியர் நூலில் நீண்ட பட்டியலொன்று வருகின்றது. குளம்பு பிளந்து, அசைபோடும் விலங்குகளை உண்ணலாம்: மாடு, ஆடு, செம்மறி. பன்றி, ஒட்டகம், முயல் ஆகியவை கூடாது. நீரில் வாழ்வனவற்றில் செட்டையும் செதிலும் உள்ளவை மட்டுமே உண்ணத்தக்கவை. இந்தப் பட்டியலின்படி பார்த்தால் எமது கரையோரக் கிராமங்களின் நண்டுக்கறி, இறால் பொரியல், கணவாய்க் கறி எல்லாமே தீட்டானவை!

மேரி டக்ளஸ் என்ற மானிடவியலாளர் 1966 இல் வெளியிட்ட 'தூய்மையும் ஆபத்தும்' என்ற நூலில் இந்தப் பட்டியலை ஆராய்ந்தார். இவ்விலங்குகள் அழுக்கானவை என்பதால் விலக்கப்படவில்லை. ஒரு சமூகம் உலகத்தை வகுத்துப் பார்த்த ஒழுங்குக்குள் அவை அடங்காமையே காரணம் என அவர் விளக்கினார். நாம் யார், மற்றவர் யார் என்று கோடு கீறுவதற்கும் உணவு விதிகள் பயன்படுகின்றன என்பதனைச் சமூகவியல் மாணவர்கள் அறிவர்.

இயேசு இந்தக் கோட்டைக் கேள்விக்குட்படுத்தினார். வெளியிலிருந்து வயிற்றுக்குள் போவது மனிதரைத் தீட்டுப்படுத்துவதில்லை, உள்ளத்திலிருந்து வெளிவரும் தீமையே தீட்டுப்படுத்துகின்றது என்ற அவரது போதனையை மாற்கு நற்செய்தியின் 7 ஆம் அதிகாரத்தில் காணலாம். அவரது சீடர் பேதுருவுக்கு யோப்பா நகரில் ஒரு காட்சி கிடைத்தது. எல்லா வகை விலங்குகளும் நிறைந்த விரிப்பொன்று வானிலிருந்து இறங்கியது. உண்ணும்படி குரலொன்று மும்முறை சொன்னது. அதன் பின்னரே பேதுரு, யூதரல்லாத உரோமை அதிகாரியான கொர்நேலியுவின் வீட்டுப்படி ஏறினார். அந்தக் காட்சியை அவர் விலங்குகளைப் பற்றியதாக அல்ல, மனிதரைப் பற்றியதாகவே புரிந்துகொண்டார். எந்த மனிதரையும் தீட்டானவர் எனச் சொல்லக்கூடாது என்பதே அவர் கற்ற பாடம்.

எனினும் "எதையும் தின்னலாம், எவரைப் பற்றியும் கவலையில்லை" என்பது கிறிஸ்தவப் போதனை அல்ல. கொரிந்து நகரச் சந்தையில் விற்கப்பட்ட இறைச்சியில் ஒரு பகுதி கோயில்களில் பலியிடப்பட்டது. அதை உண்ணலாமா என்று கிறிஸ்தவர்கள் புனித பவுலிடம் கேட்டனர். இறைச்சியில் பிழையில்லை, ஆனால் நான் உண்பது மற்றவரின் மனச்சாட்சியைக் காயப்படுத்துமென்றால் இறைச்சியையே விட்டுவிடுவேன் என்ற கருத்தில் அவர் பதில் எழுதினார். உரோமையருக்கு எழுதிய கடிதத்திலும், உண்பவர் உண்ணாதவரை இழிவாக எண்ணவேண்டாம், உண்ணாதவர் உண்பவரைத் தீர்ப்பிட வேண்டாம் என்று இரு பக்கத்தாருக்கும் சொல்கின்றார்.

ஒரே வேதம், வேறு வேறு அடுப்படிகள்

ஒரே விவிலியத்தை வாசிக்கும் கிறிஸ்தவர்கள் உலகெங்கும் ஒரே மாதிரி உண்பதில்லை. எதியோப்பியாவின் பழைமை வாய்ந்த ஓர்த்தடொக்ஸ் திருச்சபையினர் இன்றும் பன்றி இறைச்சியைத் தொடுவதில்லை. புதன், வெள்ளி நாட்களும் நீண்ட நோன்புக் காலங்களுமாக ஆண்டில் 180 நாட்களுக்கு மேல் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை அனைத்தையும் விலக்குகின்றனர். அந்நாட்டில் கிறிஸ்தவர் அறுத்த இறைச்சியை முஸ்லிம்களும், முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவர்களும் உண்பதில்லை. ஆனாலும் அயலவர்களாக வாழ்கின்றனர். வீட்டு விசேடங்களில் விருந்தினருக்காக வேறாக அறுத்து, வேறாகச் சமைத்து உபசரிக்கும் வழக்கமும் அங்கே உண்டு.

ஐரோப்பாவில் குதிரை இறைச்சியின் கதை வேறு. ஜேர்மானிய மக்களிடையே அது பழைய தெய்வ வழிபாட்டோடு சேர்ந்திருந்தது. 732 ஆம் ஆண்டளவில் பாப்பரசர் மூன்றாம் கிரகோரி, அங்கே மறைபரப்பிய புனித பொனிப்பாசுக்கு அதைத் தடுக்கும்படி எழுதினார். ஆனால் ஐஸ்லாந்து மக்கள் 1000 ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவத்தை ஏற்றபோது குதிரை இறைச்சி உண்பதற்குத் தமக்கு விலக்கு வேண்டுமெனக் கேட்டுப் பெற்றனர். அவ்விலக்கு சில ஆண்டுகளில் நீக்கப்பட்டது. இன்றோ ஐஸ்லாந்துக் கடைகளில் குதிரை இறைச்சி சாதாரணமாக விற்கப்படுகின்றது. பிரான்சில் 1866 இல் அதற்குச் சட்ட அனுமதி கிடைத்தது. அயல்நாடான இங்கிலாந்தில் பலருக்கு அதை நினைத்தாலே அருவருப்பு. எல்லோருமே கிறிஸ்தவர்கள்தான்.

வெனிசுவேலாவில் கப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு உண்டு. நீரிலும் கரையிலும் வாழ்வதால் அதை மீன் வகையில் சேர்த்துத் தவக்காலத்தில் உண்கின்றனர். 1863 இல் அமைப்பாக உருவான ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையினர் லேவியர் பட்டியலை இன்றும் மதித்துப் பன்றி, நண்டு, இறால் போன்றவற்றை விலக்குகின்றனர். அவர்களுள் பலர் மரக்கறி மட்டுமே உண்பவர்கள்.

இந்தியாவின் நாகாலாந்தில் 2011 குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 88 பேர் அளவில் கிறிஸ்தவர்கள். அங்கே சில சமூகத்தினர் நாய் இறைச்சி உண்பது பழைய வழக்கம். 2020 ஜூலையில் மாநில அரசு நாய் இறைச்சி விற்பனையைத் தடைசெய்தது. 2023 ஜூனில் கௌகாத்தி உயர்நீதிமன்றம் அத்தடையை இரத்துச் செய்தது. நாயைச் சாக்கில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகும் கொடுமையைக் கண்டித்தவர்கள் ஒரு பக்கம். எங்கள் உணவை வெளியார் இழிவுபடுத்துகின்றனர் என்று வருந்தியவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்து நியாயங்களையும் நாம் கேட்கவேண்டும்.

எமது ஊர்ப் பேச்சிலே

எமது பேச்சுவழக்கில் 'மச்சம்' என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அடங்கும். கத்தோலிக்கரின் சுத்தபோசனத்திலோ இறைச்சிக்கு மட்டுமே தடை, மீனுக்குத் தடையில்லை. எனவே பெரிய வெள்ளியன்று மீன்கறி வைக்கும் வீட்டைப் பார்த்துச் சைவ அயலவர் "இதென்ன விரதம்?" என்று சிரிப்பதுண்டு. "வேதக்காரர் எதையும் தின்பினம்" என்ற ஏளனப் பேச்சையும் நாம் கேட்டிருக்கிறோம். மறுபக்கத்தில், சைவ வீட்டார் மாட்டிறைச்சி உண்ணாததைக் கேலி செய்யும் கிறிஸ்தவர்களும் உள்ளனர். பன்றி பற்றிச் சொல்லி முஸ்லிம் சகோதரிகளின் மனதைப் புண்படுத்துவோரும் உள்ளனர்.

இடம்பெயர்ந்து முகாம்களில் பொதுச் சமையல் நடந்தபோது, இப்பேச்சுகள் எத்தனை சண்டைகளுக்குக் காரணமாயின என்பதனை அங்கே வாழ்ந்த சகோதரிகள் அறிவார்கள். ஒரு வீட்டு அடுப்படியைப் பழிப்பது அங்கே சமைக்கும் பெண்ணையே பழிப்பதாகும்.

பசி வந்தபோது

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

முதலாவது, வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 1252 ஆம் சட்டம், 14 வயது நிறைந்தவர்களையே சுத்தபோசனத்துக்குக் கட்டுப்படுத்துகின்றது. அன்று அவரது மூத்த பிள்ளைக்கு வயது ஒன்பது. அந்த விதி அவரது பிள்ளைகள் எவருக்கும் உரியதல்ல. பெரியவர்களிலும் நோயாளருக்கும், வேறு உணவு கிடைக்காதவருக்கும் அது கட்டாயமாகாது என்பது திருச்சபையின் நெடுநாளைய மரபு. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தமது துறவிகளுக்கு நாற்கால் விலங்குகளின் இறைச்சியைத் தடைசெய்தபோதும், நோயால் மெலிந்தவர்களுக்கு அதை அனுமதித்தார்.

இரண்டாவது, செத்த மாடு. மிகக் கண்டிப்பானது என்று நாம் நினைக்கும் லேவியர் நூலின் 17 ஆம் அதிகாரத்திலே இதற்கும் பதில் இருக்கின்றது. தானாகச் செத்ததையோ கொடிய விலங்கு பீறியதையோ உண்டவர் உடையைத் தோய்த்து, நீராட வேண்டும். மாலைவரை அவர் தீட்டுள்ளவர். அதன்பின் அவர் தூய்மையானவர். அவ்வளவுதான்.

மூன்றாவது, பசி. தாவீது தம்மோடு இருந்தவர்களுடன் பசித்திருந்தபோது, குருக்கள் மட்டும் உண்ணவேண்டிய அப்பத்தை உண்டார். தமது சீடர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்ததைப் பரிசேயர் குறை கூறியபோது, இயேசு அந்தச் சம்பவத்தையே எடுத்துக்காட்டினார். பசித்தவரின் தேவைக்கு முன் சடங்கு விதி நிற்பதில்லை என்பதை இதிலிருந்து நாம் அறியலாம்.

நான்காவது, பக்கத்துப் பங்கர்த் தாய். இவர் அந்த இறைச்சியை எவருக்கும் ஒளித்துக் கொடுக்கவில்லை. என்ன இறைச்சி என்று சொல்லியே கொடுத்தார். அந்தத் தாய் தன் நெறியையும் விடவில்லை, பிள்ளையையும் பட்டினி போடவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பழிக்கவுமில்லை. புனித பவுல் உரோமையருக்கு எழுதியதை அந்த இரண்டு பெண்களும் வாழ்ந்து காட்டினார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

விலங்குக்கும் ஒரு கணக்கு

பசி இல்லாத நாட்களில் எமக்குப் பொறுப்பு அதிகம். விலங்குகளை உணவாக்கலாம் என்று சொல்லும் கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது என்றும் சொல்கின்றது. நல்லவர் தமது கால்நடையின் உயிரையும் கருத்திற்கொள்வார் என்பது நீதிமொழிகள் நூலின் கருத்து. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலும் படைப்புகள் யாவற்றுக்கும் அவற்றுக்கெனப் பெறுமதி உண்டென வலியுறுத்தியது.

எமது கரையோரங்களில் கடலாமை இறைச்சி முன்பு பலரது உணவாக இருந்தது. ஆமை இனங்கள் அழிந்துவருவதால் இலங்கைச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கின்றது. சில வேளைகளில் ஆமை இறைச்சி நஞ்சாகி உயிரையும் பறிக்கும். "முந்தி எல்லாரும் திண்டதுதானே" என்பது இதற்குப் போதிய பதிலல்ல.

ஆகவே எந்த விலங்கு என்று கேட்பதோடு மட்டும் நின்றுவிடாமல் இன்னும் மூன்றைக் கேட்போம். இது தேவைக்கா? இதனால் பக்கத்தில் இருப்பவரின் மனம் நோகுமா? அந்த உயிர் வீணாக வதைபட்டதா? பொதுச் சமையலின்போது முன்கூட்டியே கேட்டுச் சமைப்பதும், மரக்கறிக்கு வேறு சட்டியும் அகப்பையும் வைப்பதும், ஒருவர் மறுத்தால் வற்புறுத்தாமல் விடுவதும் சிறிய காரியங்கள்தான். ஆனால் ஊரொன்று சேர்ந்து வாழ அவை பெரிதும் உதவும்.

அடுத்த மாதம் அந்தத் தாயிடம் இவற்றைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பின்னேரம் வரைக்கும்தானே பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நான் பதினைஞ்சு வருசத்துக்கு மேல காவினன்" என்றார். அதன் பின் அவர் கேட்டது, பக்கத்துப் பங்கரில் இருந்த அந்தத் தாயும் மகளும் இப்போது எங்கே இருப்பார்கள் என்பதையே.

சகோதரிகளே, பிள்ளைகளைக் காப்பாற்ற நாம் அன்று கொடுத்தவற்றைப் பற்றி இதுவரை எவரிடமும் பேசாதிருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். பசித்த பிள்ளைக்கு உணவூட்டிய தாய் தலைகுனிய வேண்டியதில்லை.