சைக்கிள் சவாரியும் ஓட்டமும்

தேகாப்பியாசம் பட்டணவாசிகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குமே வேண்டுவது, கிராமத்தாருக்கு அவர்கள் தொழிலே போதும் என எண்ணுவோர் பலர். ஏற்றம் இறைத்து, ஏர் பிடித்து, நாற்று நட்டுக் காலங்கழித்த நாளில் அது பொருத்தமே. இப்பொழுதோ மோட்டார் நீர் இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, கூப்பிடு தூரத்திலுள்ள சங்கக் கட்டிடத்திற்கும் அங்கத்தினர் மோட்டார் சைக்கிளில் வருகின்றனர். தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்மக்கள் காலை முதல் மாலை வரை அமர்ந்த இடத்தை விட்டு எழுவதில்லை. இவற்றோடு ஆகாரமும் மாறவே, நீரிழிவு கிராமங்களிலும் புகுந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, நாட்டில் இந்நோய் உடையோர் சுமார் 10 கோடி; கிராமங்களில் வயது வந்தோரில் 100-க்கு ஏறக்குறைய 9 பேர்.

இந்நிலையில், அதிகச் செலவின்றிக் கைக்கொள்ளக்கூடிய பயிற்சிகள் ஓட்டமும் சைக்கிள் சவாரியும் ஆகும். இவற்றுள் எது சிறந்தது என்பதை யாவரும் அறிந்த ஒரு பாதையைக் கொண்டே ஆராயலாம். தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் இத்தூரத்தை ஓடிக் கடக்க முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கும்; சுமார் 300 கலோரி செலவாகும். அவரே சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 20 நிமிஷத்தில் சேர்ந்துவிடுவார். செலவு 115 கலோரி அளவே. சக்கரம் உடலின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதே இதற்குக் காரணம். ஆகவே சைக்கிளில் போய்த் திரும்பியவரும், ஓடி ஒரு முறை சென்றவரின் உழைப்பில் முக்காற் பங்கையே எட்டுவர்.

ஆனால் இக்கணக்கு காற்றில்லாத நாளுக்கே செல்லும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும்போது, குற்றாலத்தை நோக்கிச் செல்லும் சைக்கிள்காரர் அக்காற்றை எதிர்த்தே மிதிக்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வதால், சாரல் காலத்து 5 கிலோமீட்டர் நல்ல தேகாப்பியாசமே. திரும்புகையில் காற்றே தள்ளிக்கொண்டு வரும். அதனை உழைப்பென்று எவரும் கணக்கிட வேண்டாம்.

இருதயத்திற்கும் சுவாசத்திற்கும் இரண்டும் நன்மை செய்வனவே. 2014-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், 55,000 பேரைப் பல்லாண்டுகள் கவனித்ததில், ஓடுவோரிடையே மரண விகிதம் ஓடாதாரைவிட 100-க்கு 30 பங்கு குறைந்திருந்தது. 2017-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியானதொன்றில், சைக்கிளில் வேலைக்குச் செல்வோரிடையே 41 பங்கு குறைந்திருந்தது. திடகாத்திரமாயிருப்போரே இவற்றிற்கு முன்வருவர் என்ற ஐயம் இத்தகைய கணக்குகளில் எப்பொழுதும் உண்டு. ஆதலின் 41-ஐயும் 30-ஐயும் ஒப்பிட்டுச் சைக்கிளே உயர்ந்தது எனத் தீர்ப்பளித்தல் தகாது.

எலும்பைப் பொறுத்தவரை ஓட்டத்திற்கே சிறப்பு. ஓடுங்கால் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் விழுகிறது. அளவோடு விழும் அப்பாரத்தால் எலும்பு உறுதிப்படும். சைக்கிளில் இது நிகழ்வதில்லை. ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. மிதமாக ஓடுவோரிடையே மூட்டுவாதம், ஓடாதாரிடையே இருப்பதைவிட மிகுதியாகக் காணப்படவில்லை. ஏற்கெனவே மூட்டு வலியுள்ளோரும், உடல் மிகப் பருத்தோரும் சைக்கிளிலேயே தொடங்குவது நன்று.

நீரிழிவு உள்ளவர் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்வதால் இரண்டு பயிற்சிகளும் அவர்க்கு உகந்தவையே. எனினும் பாதம் மரத்துப்போனவர் ஓடலாகாது. முள் தைத்ததும் கொப்புளம் எழுந்ததும் அவர்க்குத் தெரியாது, புண் ஆறாமல் காலையே இழக்கவும் நேரிடும். அத்தகையோர் செருப்பணிந்து சைக்கிள் மிதிப்பதே தகும். இன்சுலின் போட்டுக்கொள்வோரும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோரும், மயக்கம் வந்தால் வாயிலிட்டுக்கொள்ள மடியில் சிறிது சர்க்கரை வைத்திருத்தல் அவசியம். மார்பில் வலி கண்டால் எவராயினும் அங்கேயே நின்று, வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பெண்கள் சைக்கிள் விடுவதை இன்னும் குறையாக எண்ணும் பெரியோர் சில ஊர்களில் இருக்கின்றனர். 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளையும் கற்பிக்க, பல்லாயிரம் பெண்கள் துணிந்து ஏறினர். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குச் செல்லவும் பிறரை எதிர்பார்க்கும் நிலை அவர்களுக்குக் குறைந்தது. ஓட்டத்தால் இந்த லாபம் கிட்டாது.

வாரத்திற்கு எவ்வளவு என்பதற்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ஆம் ஆண்டில் கூறிய அளவு, மிதமான உழைப்பாயின் 150 முதல் 300 நிமிஷம், கடுமையானதாயின் 75 முதல் 150 நிமிஷம். பயிற்சியின்போது பேச முடிந்து பாட முடியாதிருந்தால் மிதம்; நாலைந்து சொல்லுக்கே மூச்சு வாங்கினால் கடுமை. புதிதாக ஓடுவோர் ஒரு நிமிஷம் ஓடி இரண்டு நிமிஷம் நடந்து, வாரந்தோறும் சிறிது சிறிதாக ஏற்றிக்கொள்ளலாம். நாள் முழுதும் மண்வெட்டி பிடிப்பவருக்கு இவ்விரண்டும் வேண்டுவதில்லை.

சைக்கிளில் கால் தரையில் எட்ட வேண்டுமென்று ஆசனத்தைத் தாழ்த்தி வைப்பது வழக்கம். இதனால் முழங்கால் மிகுதியாக மடங்கி வலிக்கும். மிதி கீழே வரும்போது கால் ஏறக்குறைய நீளும்படி உயர்த்திக்கொள்க. கொல்லம் சாலையில் லாரிகள் மிகுதியாதலால், சைக்கிளில் செல்வோர் இடப்புறமாகவும், ஓடுவோர் எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி வலப்புறமாகவும் செல்லுதல் வேண்டும். சாரலில் நனைந்த பிரேக் உடனே பிடிக்காது. ஆகையால் வழக்கத்தினும் முன்னதாகவே பிடிக்கத் தொடங்க வேண்டும்.