மா (சொல்)

மா என்பது தமிழில் பல பொருள் தரும் ஓரெழுத்து ஒருமொழி ஆகும். நன்னூல் கூறும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் இதுவும் ஒன்று. மாமரம், விலங்கு, குதிரை, அரைத்த மாவு, பெரிய, திருமகள் முதலியன இதன் பொருள்கள். இலங்கைத் தமிழர் மாவை மா என்றே வழங்குவர்.

தனியே நிற்கையில் குழப்பம் தரினும் புணர்ச்சியில் பொருள் பெரும்பாலும் தெளிவாகிவிடும். மரத்தைக் குறித்தால் மாங்காய் என மெல்லெழுத்து மிகும்; மாவைக் குறித்தால் மாக்கோலம் என வல்லெழுத்து மிகும்; பெரிய என்னும் பொருளில் மாகடல் என இயல்பாகும்.

அளவைகளில் இத்தகைய உதவி இல்லை. மா என்பது 1/20 என்னும் பின்னம். 100 குழி கொண்ட நில அளவும் அதுவே. 20 மா ஒரு வேலி ஆதலால் வேலிக் கணக்கில் இரண்டும் ஒன்றுபடும். ஆனால் பொன்னையோ நெல்லையோ அளக்குமிடத்தில் வரும் மா நிலமன்று, பின்னமே. கல்வெட்டுப் படிப்போர் அளக்கப்படும் பொருளை முதலில் நோக்குதல் வேண்டும். காவிரிப் படுகையில் ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர் எனக் கொள்வர்.

யாப்பில் தேமா, புளிமா ஆகிய வாய்பாடுகள் மாச்சீர் எனப்படும்.

புள்ளியிட்டு எழுதினால் இது சுருக்கமாகும். மா. இராசமாணிக்கனார் என்பதில் தலைப்பெழுத்து; நாளிதழ்களில் வரும் மா.செ. மாவட்டச் செயலாளர்.