உள்ளேன், டீச்சர்!

உங்கள் வீட்டுக் குழந்தை மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியதும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? “டிபன் டப்பாவைக் காலி பண்ணினாயா?” என்பீர்கள். அடுத்த கேள்வி, “பரீட்சைப் பேப்பர் கொடுத்தார்களா? எத்தனை மார்க்கு?” என்பதாக இருக்கும். “இன்றைக்கு உன் வகுப்பில் யார் வரவில்லை?” என்று கேட்கும் தாயார் யாராவது உண்டா?

“நான் பார்த்தவரையில் ஒருத்தர்கூட இல்லை” என்று சிரிக்கிறார் அந்த அம்மாள்.

வட சென்னையில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் 33 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்து, 2023-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவர் அவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “என் பெயர் எதற்கு? இத்தனை வருஷமும் நான் மற்றவர்கள் பெயரைத்தானே கூப்பிட்டிருக்கிறேன்!” என்பது அவர் சொன்ன காரணம்.

காய்ச்சலோ காய்ச்சல்!

“பள்ளிக்கூடத்தில் மிக முக்கியமான புத்தகம் எது என்று கேட்டால், வருகைப் பதிவேடு என்பேன்” என்று ஆரம்பித்தார் டீச்சர். “நாற்பது பேர் ‘உள்ளேன், டீச்சர்’ என்று சொல்லி முடிக்க மூன்று நிமிஷம் ஆகாது. காது கொடுத்துக் கேட்டால், அதற்குள் நாற்பது வீட்டுச் சமாசாரமும் தெரிந்துவிடும். குரல் கம்மியிருந்தால் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்த பிறகு பதில் வந்தால் ராத்திரி தூங்கவில்லை!”

வராதவர்கள் அனுப்பும் லீவு கடிதங்களைப் பற்றிக் கேட்டேன்.

“எல்லாருக்கும் காய்ச்சல்தான்! ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையில்லாமல் எழுத வந்த வியாதி அது ஒன்றுதான். பல்வலிக்காரியும் காய்ச்சல் என்றுதான் எழுதுவாள். ஒரே ஒரு பெண் மட்டும், ‘என் தம்பிக்கு ஜுரமாக இருப்பதால் எனக்கு இரண்டு நாள் விடுமுறை வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் உறைத்தது. தம்பிக்கு ஜுரம், அம்மா வேலைக்குப் போக வேண்டும். அப்படியானால் வீட்டில் இருக்க வேண்டியவள் யார்? அக்காதானே!”

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கும் தம் வகுப்பின் வருகைக்கும் நேரடிச் சம்பந்தம் இருந்ததாக அவர் சொன்னார். லாரி காலையில் வந்தால் முதல் பீரியடில் பாதி பெஞ்சுகள் காலி. தாமதமாக வருபவர்களை வாசலில் நிறுத்தும் வழக்கத்தை அந்த மாதம் கைவிட்டாராம். “குடம் தூக்கிய கையை நீட்டச் சொல்லி அடிப்பதா?” என்று கேட்டார்.

பதினோராம் நாள்

இவ்வளவு நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் சற்று மௌனமானார்.

“1997-இல் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கெட்டிக்காரியும் இல்லை, மக்கும் இல்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டாள். அதுதான் ஆபத்து. சேட்டை செய்கிற பெண் ஒரு நாள் வராவிட்டால் வகுப்பே அமைதியாகிவிடும், உடனே தெரியும். அமைதியான பெண் வராவிட்டால் எதுவுமே மாறாது.

“ஒரு திங்கட்கிழமை வரவில்லை. குறித்துக்கொண்டேன். மறுநாளும் குறித்தேன். ‘ஊருக்குப் போயிருக்கா, டீச்சர்’ என்றாள் பக்கத்துப் பெண். அரையாண்டுப் பரீட்சை சமயம். பாடத்தை முடிக்கிற அவசரம். விட்டுவிட்டேன். பதினோராம் நாள்தான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் தாயார் பாய் போட்டு உட்காரச் சொல்லி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கொடுத்தாள். ‘முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன், டீச்சரம்மா. திடீர்னு கூடி வந்துடுச்சு’ என்றாள். முந்தின வெள்ளிக்கிழமை கல்யாணம் முடிந்திருந்தது. பெண்ணுக்கு வயது பதினாலு.”

“நீங்கள் என்ன செய்தீர்கள்?”

“தட்டை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.”

“மூன்றாம் நாளே போயிருந்தால் கல்யாணம் நின்றிருக்குமா?”

“தெரியாது. நான் போகவில்லை என்பது மட்டும் தெரியும்.”

சட்டம் கைவிடும் வயது

பெண்ணின் திருமண வயது பதினெட்டு என்று 1978-ஆம் ஆண்டே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. 2006-இல் அதைவிடக் கடுமையான தடைச் சட்டம் வந்தது. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். 1956-இல் காமராஜ் ஆட்சியில் பிறந்த பகலுணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. 1989-இல் திருமண உதவியாகத் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் படிக்க மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறியிருக்கிறது.

ஆனால் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரையில்தான் செல்லும். “பதினாலு வயதில் சட்டம் கையை விடுகிறது, அந்த வயதில்தான் வீட்டு வேலையும் கல்யாணப் பேச்சும் கையைப் பிடித்து இழுக்கின்றன” என்கிறார் டீச்சர்.

அந்தப் பதினோராம் நாளுக்குப் பிறகு அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாளும் ஒரு பெண் வராவிட்டால், அன்று மாலையே அவள் வீட்டு வாசலில் நிற்பது! அநேக வீடுகளில் நிஜமாகவே காய்ச்சல்தான். “இதுக்கா வந்தீங்க!” என்று மோர் கொடுத்து அனுப்புவார்களாம்.

2014-இல் போன ஒரு வீட்டில் மோர் கிடைக்கவில்லை. தகப்பனார் விபத்தில் கால் முறிந்து படுக்கையில் இருந்தார். தாயார் காலையில் இட்லிக் கடை போட்டிருந்தாள். பத்தாம் வகுப்பு மகள் உதவிக்கு நின்றாள்.

“ரெண்டு மாசம் போவட்டும், டீச்சர். அப்புறம் அனுப்பறேன்” என்றாள் தாய்.

“ரெண்டு மாசத்தில் பரீட்சையே வந்துவிடும், அம்மா. கடை எத்தனை மணிக்கு முடியும்?”

“பத்தாவும்.”

“சரி, பத்தே காலுக்கு அனுப்புங்கள்.”

தவறிய முதல் பீரியடை மத்தியான்ன இடைவேளையில் டீச்சரே சொல்லிக் கொடுத்தார். தலைமையாசிரியையிடம் திட்டும் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் கணக்கில் வாங்கியது 41 மார்க்கு. இப்போது ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறாள். “என் மாத்திரையை அங்கேதான் வாங்குகிறேன். மீதிச் சில்லறையை எண்ணிப் பார்ப்பதே இல்லை!” என்றார் டீச்சர் பெருமையுடன்.

மாநிலத்தில் முதல் ராங்கு யார் என்று அறிவிக்கும் வழக்கம் 2017-இல் நின்றது. டீச்சருக்கு அதில் சந்தோஷம்தான். “முதலில் வந்தவள் படம் பத்திரிகையில் வரும். நின்றுபோய்த் திரும்பி வந்தவள் படத்தை யார் போட்டார்கள்?” என்று நம்மையே குத்தினார்.

இப்போது அரசுப் பள்ளிகளில் வருகையைக் கைபேசியிலேயே பதிவு செய்கிறார்கள். வராதவர் எத்தனை பேர் என்பதை அது நொடியில் சொல்லிவிடும். ஏன் வரவில்லை என்பதை மனிதர்கள்தான் கேட்க வேண்டும்.

நாமும் கேட்கலாம். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்குப் பதிலாக ஒரு நாள் அவள் மகள் வந்து நின்றால், வேலை நடந்தால் சரி என்று இருந்துவிடாமல், “உனக்கு இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா, அம்மா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

விடைபெற்று எழுந்தபோது பேத்தி பள்ளியிலிருந்து வந்தாள். பையை இறக்கி வைப்பதற்கு முன்பே பாட்டியின் கேள்வி கிளம்பிவிட்டது: “இன்றைக்கு யார் வரவில்லை?”

“ஒருத்திதான், பாட்டி. அவள் நேற்றும் வரவில்லை.”

“அப்படியா? நாளைக்கு மூன்றாம் நாள்” என்றார் டீச்சர்.