வரிகளே இல்லாத இசை நம்மை ஏன் கலங்க வைக்கிறது?

இரவு 11 மணி. லேப்டாப்பை மூடிவிட்டு ஹெட்போனை மாட்டுகிறீர்கள். ஒரு கிட்டார் மெதுவாகத் தொடங்குகிறது. பாடகர் இல்லை, வரிகள் இல்லை. எட்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் கண் கலங்கியிருக்கிறது. ஏன்னு உங்களுக்கே தெரியல.

இதுதான் போஸ்ட்-ராக். 1994இல் இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் பிரிட்டன் இசை விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ். ராக் இசையின் அதே கிட்டார், டிரம்ஸ்தான். ஆனால் பல்லவி, சரணம் என்ற கட்டு பெரும்பாலும் இருக்காது.

எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த 'எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை' குழுவின் 'யுவர் ஹேண்ட் இன் மைன்' (2003) இசையைக் கேளுங்கள். சின்ன மெட்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். டிரம்ஸ் சேரும், ஒலி ஏறும், தணியும், மறுபடி ஏறும். அடுத்து என்னன்னு மனசு காத்திருக்க ஆரம்பிக்கும்.

அந்தக் காத்திருப்பில்தான் விஷயமே இருக்கு. இசை சிலிர்க்க வைக்கும் உச்சத்தில் மட்டுமல்ல, அதற்கு முந்தைய எதிர்பார்ப்பிலேயே மூளையில் டோபமைன் சுரக்கிறது என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு 2011இல் காட்டியது. அந்த ஆய்விலும் வரிகளற்ற இசைதான் பயன்பட்டது.

வரிகள் இருந்தால் அது வேறொருவரின் கதை. இல்லாதபோது, யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் உங்கள் கதை அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதனால், உச்சத்தை மட்டும் 30 விநாடி ரீல்ஸாகக் கேட்டால் வெறும் சத்தம்தான். ஸ்கிப் பண்ணாம முழுசா கேளுங்க.