கிரிவலக் கூட்டமும் பேருந்துக் கணக்கும்

பௌர்ணமி இரவில் 14 கி.மீ. கிரிவலத்தை முடிக்கும் பக்தருக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது: ஊர் திரும்பப் பேருந்து கிடைக்க வேண்டும். சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படாமல் இல்லை. ஆனால், ஒரு தடத்தில் பேருந்துகள் பயணிகளுக்காகவும், மற்றொரு தடத்தில் பயணிகள் பேருந்துக்காகவும் காத்திருந்தால், குறை எண்ணிக்கையில் இல்லை, ஒதுக்கீட்டில் இருக்கிறது.

10 பேருந்துகளை 10 நடைகளுக்கு ஒன்றுக்கொன்றாகப் பிரிக்க 36,28,800 வழிகள் உண்டு. அனுபவம் மிக்க அலுவலரும் இத்தனையையும் ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. இதற்கு உதவுவதே உகப்பாக்கக் கணிதம். சோவியத் அறிஞர் கன்டரோவிச் 1939-இல் இதற்கு வித்திட்டார். அமெரிக்கரான டான்சிக் 1947-இல் 'சிம்ப்ளெக்ஸ்' முறையை வகுத்தார். கன்டரோவிச்சும் கூப்மன்ஸும் 1975-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இக்கணக்குக்கு மூன்று உறுப்புகள். முதலாவது, முடிவு: எந்தப் பேருந்து, எந்த நேரத்தில், எந்த ஊருக்கு? இரண்டாவது, கட்டுப்பாடு. விழுப்புரம் சென்ற பேருந்து அதே இரவில் திரும்பி இன்னொரு நடை போகலாம். சென்னை சென்றது விடிவதற்குள் திரும்புவது அரிது. ஓட்டுநரின் ஓய்வும் கட்டுப்பாடே. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையை வரம்பாக வைத்தது. விழாக்கால விலக்கிலும் 10 மணி நேரத்தைத் தாண்ட அனுமதிக்கவில்லை.

மூன்றாவது, குறிக்கோள். சிக்கலின் உயிர்நாடி இதுதான். டீசல் செலவு குறைய வேண்டும் என்று கணினிக்குச் சொன்னால், அது கூட்டம் நிரம்பும் வரை பேருந்தை நிறுத்திவைக்கச் சொல்லும். சராசரிக் காத்திருப்பு குறைய வேண்டும் என்றால், பெருநகரத் தடங்களுக்கு வாரி வழங்கிவிட்டு, உள்ளூர்க் கிராமத்துக்குச் செல்லும் சிலரை விடியும்வரை காக்கவைக்கக்கூடும். எவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கலாகாது என்பதையே கட்டுப்பாடாக்கினால் விடை மாறும். செலவும் சற்று ஏறும். எதைத் தேர்வது என்பதைக் கணிதம் சொல்லாது. அது பொதுக் கொள்கை. வெளிப்படையாக எடுக்கப்பட வேண்டிய முடிவு.

சரியான தரவு இல்லையேல் எந்தக் கணக்கும் பயன் தராது. கிரிவலப் பாதையில் ஏறத்தாழ பாதி வழியைக் கடந்தவர்கள் அடி அண்ணாமலையை அடைகிறார்கள். அங்கு இப்போது நடப்பவர்களில் பெரும்பாலோர் சுமார் இரண்டு மணி நேரத்தில் நகருக்குள் வந்துவிடுவர். அங்கே மணிக்கு மணி தலைகளை எண்ணி, எந்த ஊர் என்று சிலரிடம் கேட்டறிந்தாலே, பேருந்து நிலையத்துக்கு வரவிருக்கும் கூட்டம் முன்கூட்டியே புலப்படும். அதற்கேற்ப அட்டவணையை அவ்விரவிலேயே திருத்தலாம்.

புதிய பேருந்து வாங்க நிதி வேண்டும். இருப்பதைச் சீராகப் பங்கிட, எண்ணும் பழக்கமும் யாரை முன்னிறுத்துகிறோம் என்ற தெளிவும் போதும்.