எலிக்கு வைத்தேன், பூனை செத்தது

முப்பத்தி நாலு வருஷம் வங்கியில் வரவு செலவு பார்த்தவன் நான். 2016-ல் ஓய்வு பெற்று, மன்னார்குடி பக்கம் எங்கள் பூர்வீக நிலம் நாலு ஏக்கரில் இயற்கை விவசாயத்தில் இறங்கினேன். முதல் வருஷத் தூயமல்லியில் விதைக்கென்று எட்டு மூட்டை ஒதுக்கி கொட்டகையில் அடுக்கினேன். சித்திரையில் எடுத்துப் பார்த்தால் மூன்று மூட்டை அடியில் ஓட்டை. எலி தின்றது கொஞ்சம்தான். மூத்திரமும் புழுக்கையும் பட்டு வீணானது அதைவிட அதிகம்.

வயலில் ஒரு சொட்டு விஷம் தெளிக்காதவன், கொட்டகை என்றதும் புத்தி மாறிப்போனேன். கடையில் எலிக் கேக் வாங்கி வந்து மூட்டைக்கு அடியில் வைத்தேன். 'வயல்ல வைக்கலையே' என்று எனக்கு நானே சமாதானம்.

அப்போது எங்கள் வைக்கோல் போரில் ஒரு சாம்பல் பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. பத்தாம் நாள் காலையில் தாய்ப்பூனை மூக்கிலும் வாயிலும் ரத்தம் கசிந்து போரடியில் செத்துக் கிடந்தது. பால் ஊட்டியும் ஒரு குட்டிதான் பிழைத்தது. வேலைக்கு வரும் அம்மா சொன்னார்: "எலியைப் புடிக்கிற சீவனை நீங்களே கொன்னுட்டீங்களே சார்." எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கேக்கில் இருந்தது புரோமோடயலோன். ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற மருந்து. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டே திரியும். பூனைக்கும் கூகைக்கும் லேசாகச் சிக்குவது அந்த எலிதான். எலியின் ஈரலில் தங்கிய விஷம் அவற்றுக்கும் போகிறது.

ரெண்டு மாதத்தில் எலி திரும்ப வந்துவிட்டது. எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம், பூனைக்கு ஒன்பது வாரம். விஷம் இரண்டையும் கொன்றால் முதலில் தேறுவது எலிதான். பூச்சிக்கொல்லி அடித்தால் நன்மை செய்யும் பூச்சி போய், தீமை செய்யும் பூச்சி பெருகும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோமே, அதே கணக்கு.

பிழைத்த அந்தக் குட்டியோடு இன்னொரு பெண் குட்டியையும் சேர்த்து கொட்டகையிலேயே வளர்த்தேன். அனுபவத்தில் தெரிந்துகொண்டவை:

சோறு போடுங்கள்: பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பது தப்பு. பசித்த பூனை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். நான் காலையில் மீன் தலையோ கருவாடோ பிசைந்த சோறு வைக்கிறேன். ராத்திரி மிச்சம் வைத்தால் எலிக்குத்தான் விருந்து.

இடம் பழக்குங்கள்: வளர்ந்த பூனையைக் கொண்டுவந்தால் ரெண்டு மூன்று வாரம் கொட்டகைக்குள்ளேயே அடைத்து, சோறு தண்ணீர் வையுங்கள். உடனே விட்டால் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

கருத்தடை முக்கியம்: ஆறு மாதத்திலேயே சினை பிடிக்கும். ரெண்டு பூனை பத்தானால் ஓணானும் குருவியும் மிஞ்சாது. அவையும் நமக்குப் பூச்சி பிடிக்கிற வேலையாட்கள்தானே. கால்நடை மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

சந்து விடுங்கள்: மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். பூனை நுழைய முடியாத இடம் எலிக்கு வீடு.

கீரைப் பாத்தி கவனம்: புழுதி மண்ணில் பூனை மலம் கழிக்கும். பாத்தியை மூடாக்குப் போட்டு வையுங்கள். பூனை மலத்தை கர்ப்பிணிகள் கையாளக் கூடாது.

இதெல்லாம் கொட்டகைக்குத்தான். வயல் எலிக்குப் பூனையை நம்பினால் ஏமாந்து போவீர்கள். சுண்டெலி, வீட்டெலி, எலிக்குஞ்சு இவற்றைப் பூனை தீர்க்கும். வளர்ந்த பெருச்சாளியைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். வரப்பெலி வளைக்குள் இருப்பது. அதற்கு வேறு வழி. நான் வரப்பைக் குறுகலாக வெட்டி, புல் மண்டாமல் வைத்துக்கொள்கிறேன். தென்னை மட்டையைத் தலைகீழாக ஆங்காங்கே நட்டால் ராத்திரி ஆந்தையும் கூகையும் வந்து உட்காரும். நட்ட பிறகு, பழக்கப்பட்ட ஆளை வைத்துத் தஞ்சாவூர் கிட்டி போடுகிறேன். பூனை, கூகை, கிட்டி மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

எலி ஒன்றுகூட இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போன தையில் அடுக்கிய எட்டு மூட்டையில் ஒன்றின் மூலையில் ஓட்டை இருந்தது. மூன்று மூட்டை போன இடத்தில் இப்போது ரெண்டு படி. பூனைக்கு ஆகும் செலவை வங்கிக்காரன் புத்தியோடு கூட்டிப் பார்த்துவிட்டேன், லாபம்தான்.

பக்கத்து வீட்டு விஷமும் நம் பூனையைக் கொல்லும். அக்கம்பக்கத்திலும் இதைச் சொல்லி வையுங்கள். உங்கள் கொட்டகை மூலையில் எலிக் கேக் மிச்சம் இருந்தால், இன்றைக்கே அதை அப்புறப்படுத்துங்கள். பூனைக்குட்டி தேடுவது அதற்கப்புறம்.