கண்ணாடித் தட்டில் வென்ற மருந்து

‘புற்றுநோய்க்குப் புதிய மருந்து கண்டுபிடிப்பு’ என்று பத்திரிகையில் செய்தி வந்தால், சகோதரிகளே, அதை எப்படி வாசிக்கிறீர்கள்? வீட்டில் நோயாளி ஒருவர் இருந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடுவோம். ஓடுவது தவறல்ல. ஆனால் அந்த மருந்து எதில் வென்றது என்று முதலில் பாருங்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களிலா, எலியிலா, அல்லது நோயுற்ற மனிதரிலா?

சூலகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் பிந்தியே தெரியவருகிறது. வயிறு ஊதுவதையும், நாலு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிடுவதையும் ‘கேஸ்தானே’ என்று விட்டுவிடுகிறோம். (வாரக்கணக்கில் நீடித்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.) சத்திரசிகிச்சையும் பிளாட்டினம் சேர்ந்த மருந்துகளும் ஆரம்பத்தில் பலருக்கும் நன்கு பலிக்கின்றன. ஆனால் நோய் அடிக்கடி திரும்பி வருகிறது. ஒரு கட்டத்தில் பிளாட்டினமும் பலிப்பதில்லை. அந்தக் கட்டத்துப் பெண்களுக்காகப் பரிசோதிக்கப்பட்டவற்றுள் ஒன்றுதான் ‘ஹிஸ்டோன் டீஅசெட்டிலேஸ் தடுப்பான்’ எனும் மருந்து வகை.

பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். நமது உடலின் ஒரு கலத்திலுள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீற்றர் வரும். தையல் நூலைக் கட்டையில் சுற்றுவதுபோல அது ஹிஸ்டோன் எனும் புரதங்களில் சுற்றப்பட்டிருக்கிறது. ஒரு கட்டைக்கு 8 புரதங்கள். அவற்றில் ‘அசெட்டைல்’ எனும் சிறு கூறு ஒட்டினால் நூல் தளரும். அங்குள்ள பரம்பரையலகைக் கலம் வாசிக்க முடியும். டீஅசெட்டிலேஸ் எனும் நொதியம் அந்தக் கூறைக் கழற்றிவிடும், நூல் இறுகும். கட்டிப் பூட்டிய கிதாபை யார் ஓதுவது? ‘வளராதே, நில்’ என்று சொல்லும் சில பரம்பரையலகுகள் புற்றுநோய்க் கலங்களில் இப்படித்தான் மூடிக் கிடக்கின்றன. நொதியத்தைத் தடுத்தால் அவை மீண்டும் பேசும் என்பதே எதிர்பார்ப்பு.

இந்த மருந்தின் கதை 1971 இல் தொடங்குகிறது. டி.எம்.எஸ்.ஓ. எனும் சாதாரணக் கரைப்பானை எலியின் இரத்தப் புற்றுநோய்க் கலங்களில் சேர்த்தபோது, அவை செங்குருதிக் கலங்களைப் போல ஹீமோகுளோபின் செய்யத் தொடங்கியதை ஷார்லட் பிரெண்ட் எனும் பெண் ஆய்வாளர் கண்டார். பின்னர் போல் மார்க்ஸ், ரொனால்ட் பிரெஸ்லோ ஆகியோர் அதைப் பின்தொடர்ந்து, வொரினோஸ்டாட் எனும் மருந்தை உருவாக்கினார்கள். 2006 இல் தோலில் தோன்றும் ஒருவகை லிம்போமாவுக்கு ஐக்கிய அமெரிக்கா அதை அனுமதித்தது. கண்ணாடித் தட்டில் சூலகப் புற்றுநோய்க் கலங்களும் இம்மருந்துக்கு அடங்கின.

பெண்களில் நடந்தது வேறு. 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நோய் திரும்பிய 27 பெண்கள் தினமும் 400 மில்லிகிராம் வொரினோஸ்டாட்டை வாய்வழியாக உட்கொண்டார்கள். 6 மாதங்களுக்கு மேல் நோய் முன்னேறாதிருந்தது இருவருக்கு மட்டுமே. கட்டி கணிசமாகச் சுருங்கியது ஒருவருக்கு. அதே வகையைச் சேர்ந்த பெலினோஸ்டாட்டைக் கார்போபிளாட்டினுடன் சேர்த்துக் கொடுத்த ஆய்வும் போதிய பலனின்றி மூடப்பட்டது. வொரினோஸ்டாட்டை வேறு இரு மருந்துகளுடன் சேர்த்த இன்னொன்றில் சிலருக்குக் குடலில் துளை விழுந்ததால் ஆய்வையே நிறுத்தினார்கள்.

இந்தத் தடுப்பான் நாம் விரும்பும் ஒரு நூலை மட்டும் தளர்த்துவதில்லை. எத்தனையோ கட்டைகளை ஒரே நேரத்தில் தொடுகிறது, நல்ல கலங்களிலும்கூட. களைப்பு, குமட்டல், குருதிச் சிறுதட்டுக்கள் குறைதல் எல்லாம் அதன் கூலி. தோல்வியடைந்த முடிவுகளையும் மறைக்காமல் வெளியிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். இல்லாவிட்டால் அதே துன்பத்தை வேறு 27 பெண்கள் மீண்டும் அனுபவித்திருப்பார்கள்.

வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோயேட் எனும் மருந்தும் இந்த நொதியத்தைத் தடுக்கும் என்பது 2001 இல் தெரியவந்தது. அதைக் கேட்டு யாரும் பாமசியில் வாங்கி விழுங்கிவிட வேண்டாம். கர்ப்பத்திலுள்ள பிள்ளைக்கு அது கடும் தீங்கு செய்யக்கூடியது.

இந்த வகை மருந்துகளை வேறு மருந்துகளோடு சேர்த்துப் பார்க்கும் முயற்சி நிற்கவில்லை. உங்களையோ உம்மாவையோ அப்படியொரு ஆய்வில் சேருமாறு கேட்டால், கையொப்பமிடுமுன் கேளுங்கள்: முன்பு எத்தனை பெண்களுக்குக் கொடுத்தீர்கள்? எத்தனை பேருக்குப் பலித்தது? என்ன தீங்கு வந்தது? சேர்ந்த பின்னும் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். விலகியதற்காக வழமையான சிகிச்சையை எவரும் மறுக்கக் கூடாது.